ஐந்தாவது டப்பா

மருந்துக்கடைக் கவுன்டரில் ஒரு டஜன் முட்டையை வைத்துவிட்டு, "உனக்குத்தான் கண்ணு" என்றார் நோலீன்.

எதற்கு என்று பார்த்தேன்.

"விலையைக் குறைச்சிருக்கல்ல."

"நான் எங்க குறைச்சேன்? அரசாங்கம் குறைச்சது."

"அரசாங்கமா வந்து கவுன்டர்ல நிக்குது? நீதானே நிக்கிற. எடுத்துக்க. நேத்து போட்ட முட்டை."

ஜனவரி பிறந்ததும் டாக்டர் சீட்டுக்குத் தரும் மருந்துகளின் விலை இறங்கியிருந்தது. முப்பத்தொரு டாலர் சொச்சத்துக்கு விற்ற டப்பா இப்போது இருபத்தைந்து. எங்கள் சின்ன ஊரான நரோமினில் அந்த வாரம் கடைக்கு வந்தவர்கள் பில்லைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். முட்டை கொண்டுவந்தவர் நோலீன் மட்டும்தான்.

மாதம் நான்கு டப்பா அவருக்கு. மோட்டலில் அறை சுத்தம் செய்யும் வேலை. மருந்தை இன்னும் மலிவாக வாங்க ஏழைகளுக்கு அரசு தரும் சலுகை அட்டை கிடைக்காத அளவுக்குத்தான் சம்பளம், அதற்கு மேல் இல்லை.

வெளியே வண்டியில் அவருடைய கணவர் கிளென் காத்திருந்தார். மருந்துக்கடை வாசனை அவருக்கு ஆகாது.

நான்கு டப்பாக்களையும் பையில் போட்டேன்.

"இனிமே பாரு, டாக்டர் எழுதின மாதிரியே காலைல முழு மாத்திரை" என்று ரத்த அழுத்த மருந்தைத் தட்டிக் காட்டினார் நோலீன்.

பையை நீட்டிய என் கை நின்றது.

"இனிமேலா?"

அவர் முட்டைகளைப் பார்த்தார்.

"இவ்வளவு நாளும் பாதிதான் கண்ணு."

எனக்கு அதிகம் பேச வராது. கணினிப் பக்கம் திரும்பினேன்.

அந்த மாத்திரையின் அளவை டாக்டர் மூன்று முறை கூட்டியிருந்தார். பாதிதான் உள்ளே போகிறது என்று அவருக்குத் தெரியாது. மருந்து கேட்கவில்லை என்று நினைத்துக் கூட்டியிருக்கிறார். கடைசியாகக் கூட்டிய பிறகுதான் அழுத்தம் கட்டுக்குள் வந்ததாகப் போன மாதம் நோலீனே பெருமையாகச் சொன்னார்.

அப்படியென்றால் இதில் பாதிதான் இவருக்குச் சரியான அளவு.

நாளைக் காலையில் முழுசாகப் போட்டுக்கொண்டு, ஜனவரியில் கொளுத்தும் எங்கள் ஊர்க் கோடை வெயிலில், மோட்டல் படிகளில் வாளியோடு ஏறுவார். தலை சுற்றும். விழுவார்.

சொன்னேன். சொல்லும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வழக்கமாக நான் அப்படிச் செய்கிறவள் இல்லை.

நோலீன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அடக் கடவுளே. ஒழுங்கா மருந்து சாப்பிட்டுச் செத்தவள்னு பேர் வந்திருக்கும்."

சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

"டாக்டர்கிட்டச் சொல்லணுமா?"

"சொல்லித்தான் ஆகணும்."

"எத்தனை வருஷமா அவர் முகத்தைப் பார்த்து, முழுசாத்தான் சாப்பிடறேன்னு சொல்லிட்டிருக்கேன் தெரியுமா?"

அப்போதுதான் இன்னொன்று எனக்கு உறுத்தியது.

பாதி பாதியாகப் போட்டால் ஒரு மாத டப்பா இரண்டு மாதம் வரவேண்டும். நோலீன் ஒரு மாதம்கூட விடாமல் வாங்கியிருக்கிறார்.

"நோலீன், மீதிப் பாதியெல்லாம் எங்க போச்சு?"

அவர் கண்ணாடிக் கதவு வழியாக வண்டியைப் பார்த்தார். கிளென் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

"வேலி போடுற வேலை நின்னுபோச்சில்ல, அப்பலேர்ந்து அவனுக்குத் தனியா வாங்க முடியல. டாக்டருக்கும் காசு, மருந்துக்கும் காசு. ரெண்டு பேருக்கும் ஒரே மாத்திரைதானே. தினமும் உடைச்சு, அவன் மாத்திரைப் பெட்டியில ஒரு பாதி வெச்சிடுவேன்."

"அவர் கேக்கலையா?"

"அரை போதும்னு நீ சொன்னதாச் சொல்லி வெச்சிருக்கேன். கோச்சுக்காத. விஷயம் தெரிஞ்சா ரெண்டு பாதியையும் எனக்கே தள்ளிவிட்டுருவான்."

கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"டாக்டர் ஒவ்வொரு தடவை கூட்டினப்பவும் எனக்குச் சந்தோஷம் கண்ணு. ரெண்டு பேருக்கும் தாராளமாக் காணும்னு."

நான் கணினியைப் பார்த்தபடி நின்றேன். எழுத்துகள் கலங்கித் தெரிந்தன.

"இப்போ நாலு டப்பாவுல மிச்சமாகுற காசுக்கு அஞ்சாவது டப்பா ஒண்ணு வருது. கணக்குப் போட்டுப் பார்த்துட்டுத்தான் வந்தேன். அவன் பேர்ல ஒண்ணு வாங்கலாம்னு."

கிளினிக்குக்குப் போன் செய்தேன். டாக்டரைப் பார்க்க அங்கே இப்போது கட்டணம் இல்லை. மதியமே இருவரையும் வரச் சொன்னார்கள். அதுவரைக்கும் பழைய பாதியே போதும் என்றார்கள்.

"நான் சொல்றதுக்கு முன்னாடி நீ எதையும் அவன்கிட்ட உளறிடாத" என்றார் நோலீன்.

கதவு திறந்தது. வெயிலோடு உள்ளே வந்தார் கிளென்.

"என்ன நோல், இவ்வளவு நேரம்? காசு பத்தலையா?"

கேட்கும்போதே அவர் கை பின்பாக்கெட்டுக்குப் போனது.

"பத்துச்சு" என்றார் நோலீன். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். "வா, உட்காரு. இனிமே உனக்குன்னு தனியா ஒண்ணு."

எது தனியாக என்று கிளெனுக்கு விளங்கவில்லை. நான் ரத்த அழுத்தக் கருவியை எடுத்து வருவதைப் பார்த்து, கேள்வி கேட்காமல் சட்டைக் கையை மடித்துவிட்டார்.