அப்பாவின் அளவு

ஹெல்சிங்கியில் தொழில்துறை வடிவமைப்பு படித்துவந்த நாகர்கோவில்காரி ரெக்ஸலின், இறுதித் தேர்வுக்காகக் கண்களை மூடி அப்பாவை நினைத்தாள். நினைப்பதை அப்படியே வார்த்துத் தரும் இயந்திரம் மெல்ல முனகியது. லாரி ஓட்டிய அந்த அகன்ற தோளுக்கும் பருத்த இடுப்புக்கும் பொருந்த, தேன்நிறத்தில் ஒரு நாற்காலி மூடுபனியிலிருந்து வருவதுபோல் எழுந்தது.

பட்டமளிப்புக்கு வந்த அப்பா அதில் உட்கார்ந்தார். நான்கு வருடம் கழித்து இன்றுதான் அவரை நேரில் பார்க்கிறாள். மெலிந்துபோயிருந்த அவருக்கு இருபுறமும் நாற்காலியில் இடம் காலியாகக் கிடந்தது.

“வீடியோவுல எப்பவும் முகத்த மட்டும்தானப்பா காட்டினீங்க?”

“நல்லாருக்கு மக்களே. எடம்தான் கொஞ்சம் கூடுதல்.”

வேறொன்று வார்க்கலாமா என்று பேராசிரியை கேட்டார். வேண்டாமென்று தலையசைத்த ரெக்ஸலின், மிச்சமிருந்த இடத்தில் அப்பாவை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.