பதினோராவது மெயில்

"ஏனுங்க, உள்ளே மாட்டிக்கிட்ட மெயில் எல்லாத்தையும் ஒண்ணொண்ணாத் திறந்தா பார்ப்பீங்க?"

கேட்ட பிறகு இளவரசி நாக்கைக் கடித்துக்கொண்டாள். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"பார்த்தாத்தானுங்க எது சிக்கியிருக்குதுன்னு தெரியும்" என்றார் ராஜ்குமார். கம்ப்யூட்டர் கோளாறு பார்க்கச் சேலம் ஹெட் ஆபீஸ் அனுப்பி, காலை முதல் பஸ்ஸில் மலையேறி வந்தவர். எஸ்டேட்டிலிருந்து மூன்று நாளாக ஒரு மெயில்கூட வெளியே போகவில்லை. வருவது ஒழுங்காக வந்தது; போவதுதான் போகவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் இளவரசி ஹெட் ஆபீசுக்கு நேராக ஒரு மெயில் போட்டிருந்தாள். காப்பிப் பழம் கழுவிய அழுக்குத் தண்ணீரை மேனேஜர் ஹரிஹரன் ஓடையில் திறந்துவிடச் சொல்கிறார். அதைக் குடித்து, ஓடையோரம் இருக்கும் கொட்டச்சேடு ஊரில் ஏழு பிள்ளைகள் வாந்தியும் பேதியுமாகக் கிடக்கிறார்கள். சொன்னால், "உன் வேலையைப் பாரும்மா" என்கிறார். இதைத்தான் எழுதியிருந்தாள்.

எழுதியது கோபத்தில். கோபம் ஒரு ராத்திரியில் ஆறிவிட்டது, பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. வேலை போனால் எஸ்டேட் கொடுத்த வீடும் போகும். இரண்டு பெண் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கே போய் நிற்பாள்? மறுநாள் காலையில் முதல் வேலையாகத் தன் கம்ப்யூட்டரில் அதை அழித்துவிட்டாள். ஆனால் மலையில் நெட் சரியாக நிற்காது என்பதால், சர்வர் எல்லா மெயிலையும் சேர்த்து வைத்துத்தான் மாலை ஆறு மணிக்கு மொத்தமாக அனுப்பும். சர்வருக்குள் இருப்பதை அவளால் என்ன செய்ய முடியும்?

அந்த ஹரிஹரன் இப்போது அவள் நாற்காலிக்குப் பின்னால்தான் நின்றிருந்தார்.

"எதுக்குங்க இவ்வளவு சிரமம்? பழசை எல்லாம் மொத்தமா அழிச்சுடுங்க. நாங்க புதுசா அனுப்பிக்கறோம்" என்றார்.

இளவரசிக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது. இத்தனை வருஷத்தில் மேனேஜர் வாயிலிருந்து இவ்வளவு நல்ல வார்த்தை வந்ததில்லை.

"அழிக்கக் கூடாதுன்னு உத்தரவுங்க சார்."

போச்சு!

டொக். டொக். ஜன்னலோர மேசையில் எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் மாதேஸ்வரன் தாள்களில் சீல் குத்திக்கொண்டிருந்தார்.

"யோவ் ரைட்டர், கொஞ்சம் நிறுத்தேன்யா! மண்டை வலிக்குது" என்று சீறினார் ஹரிஹரன். பிறகு ராஜ்குமாரைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தார். "லெட்டர் காலத்துப் பழக்கமுங்க. போற ஒவ்வொண்ணுக்கும் நகல் எடுத்து, பையில போட்டு, காலையில சேலம் பஸ் கண்டக்டர்கிட்ட குடுத்தாத்தான் இவருக்குச் சோறு இறங்கும். மெயில் வந்த அப்புறமும் விடலையே! தினம் சாயங்காலம் எல்லாரும் போனதும் உட்கார்ந்து பிரிண்ட் எடுக்கறாரு. அங்க ஹெட் ஆபீஸ்ல அந்தப் பையை எலிதான் பிரிச்சுப் படிக்கும்."

"நமக்குக் கம்ப்யூட்டர்ல நொம்ப நம்பிக்கை இல்லீங்க" என்றார் மாதேஸ்வரன் சாவகாசமாக. இளவரசிக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கண் திரையை விட்டு நகரவில்லை.

"வரிசையில பதினொண்ணு நிக்குதுங்க" என்றார் ராஜ்குமார். "கடைசியா வந்ததுல இருந்து பார்த்துட்டு வர்றேன். மொதல்ல, ஆள் வருகைக் கணக்கு. அடுத்தது, மிளகு சாம்பிள். அப்புறம் ஜீப்புக்கு டயர் கேட்டு..."

ஒவ்வொன்றையும் உரக்கப் படித்தார். ஏழு, எட்டு. இளவரசி சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கினாள். ஓரக்கண்ணால் பின்னால் பார்த்தாள். வெளியே மூடுபனி, உள்ளே ஸ்வெட்டர் போட்டும் நடுங்குகிற குளிர். ஹரிஹரன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். கோபம் தலைக்கேறினால் அவருக்கு வேர்க்கும். தெரிந்துவிட்டதோ? முருகா, இந்த ஒரு தடவை கரண்டைப் போக வை!

கரண்ட் போகவில்லை.

"பத்து, நர்சரிக் கன்னு. பதினொண்ணு..." ராஜ்குமார் நிறுத்தினார். "திங்கக்கிழமை போட்டது. தலைப்பு, 'கொட்டச்சேடு ஓடைத் தண்ணீர்'. அனுப்பினது, இளவரசி."

அவளுக்குத் தன் இரண்டு பெண்களின் முகமும் கண்ணுக்குள் வந்தது.

"சார், அது வந்துங்க..." என்று எழுந்தாள்.

"நீங்க உட்காருங்கம்மா. இதை நான் திறக்க வேண்டியதில்லை. நேத்தே ஹெட் ஆபீஸ்ல எல்லாரும் படிச்சாச்சு."

ராஜ்குமார் தன் பையிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்து மேசையில் விரித்தார். அடியில் ஊதா மையில் 'நகல்' என்று, மாதேஸ்வரன் குத்திய சீல்.

பிறகு அவர் ஹரிஹரன் பக்கம் திரும்பினார். "சர்வர்ல ஒரு கோளாறும் இல்லீங்க சார். திங்கக்கிழமை இந்த மெயிலைப் பார்த்துட்டு, ஆறு மணிக்குப் போயிடக் கூடாதுன்னு அஞ்சு அம்பதுக்கே உங்க பாஸ்வேர்டைப் போட்டு மெயில் வெளியே போற வாசலைச் சாத்தினீங்க. சாத்தத் தெரிஞ்ச உங்களுக்கு உள்ளே இருக்கறதை அழிக்கத் தெரியலை. மெயிலை நிறுத்தினது சரி, காலையில போற பஸ்ஸை நிறுத்த மறந்துட்டீங்களே!"