சீட்டு வைத்த பிஸ்கட்
தோசைக்கல்லில் மைதாவும் சர்க்கரையும் டால்டாவும் கரைத்த மாவு அப்பளம்போல் மெல்லிசாகப் பரவி, ஓரம் சிவந்துவருகிறது. சூடு இருக்கும்வரைதான் அது துணிபோல் வளையும், ஆறிவிட்டால் உடையும். அதனால் தேவகி விரல் சுட்டாலும் விடாமல், நடுவில் சீட்டை வைத்து இரண்டாக மடித்து, டம்ளர் விளிம்பில் அழுத்தி வளைத்து, விறைக்கும்வரை பிடித்துக்கொண்டிருக்கிறாள். உடைத்தால் உள்ளே பலன் எழுதிய சீட்டு கிடைக்கும்; வாரப் பத்திரிகையில் பார்த்துச் செய்கிற பட்சணம். மற்றச் சீட்டுகளில் எல்லாம் ‘நல்லதே நடக்கும்’ என்று எழுதியிருக்கிறாள். இந்த ஒன்றில் மட்டும், ‘எனக்கு இஷ்டமில்லை. நீங்களே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.’ “இன்னாடி இன்னும் மடிச்சிக்கினு இருக்கே? பொண்ணு பாக்க வந்தவங்க எவ்ளோ நேரம் குந்திக்கினு இருப்பாங்க?” என்று அம்மா பெரியநாயகி தட்டைத் தூக்க வருகிறாள். “நானே குடுக்கிறேம்மா.” “அடேயப்பா, காலையில மூஞ்சியத் தூக்கி வச்சிக்கினு இருந்தவளா இவ!” கூடத்தில் ஊதுவத்திப் புகை, சுவருக்கு அப்பால் பக்கத்து வீட்டுத் தறி அடிக்கும் சத்தம். குனிந்த தலையுடன் தேவகி அந்த பிஸ்கட் செவிலிமேட்டிலிருந்து வந்த மாப்பிள்ளை பஞ்சாட்சரத்தின் பக்கம் வரும்படி தட்டைத் திருப்பி நீட்டுகிறாள். அவன் அதையே எடுக்கிறான். மொறுக்கென்று உடைக்கிறான். படிக்கிறான். மறுபடியும் படித்துவிட்டு, நிமிர்ந்து அவள் முகத்தை நிதானமாகப் பார்க்கிறான். “இன்னாப்பா போட்டிருக்குது?” என்கிறாள் அவன் அம்மா. அவன் சீட்டை நான்காக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறான். “நல்ல சேதிதாம்மா. தேதி பாத்துடுங்க.”