தட்டில் மட்டும்

பிற்பகல் வெயில் ஆய்வக மேசைமேல் சாய்ந்து கிடக்கிறது. கணையப் புற்றுநோயில் பாதியாக இளைத்துவிட்ட அண்ணன், தங்கையின் நுண்ணோக்கியில் கண் வைத்துக் குனிந்திருக்கிறான். அதன் அடியிலுள்ள சிறு ஆய்வுத் தட்டில், அவனைத் தின்னும் அதே வகைச் செல்கள், அவள் ஒரு வேர்ப்பட்டையிலிருந்து பிரித்தெடுத்த மருந்து பட்டுச் சுருண்டு கிடக்கின்றன. "எல்லாம் செத்துப்போச்சா?" "தட்டுல மட்டும்தாண்ணா. இனி எலிக்குக் குடுத்துப் பாக்கணும். மனுஷங்களுக்கு வர பத்து வருஷமாவது ஆகும்." சொல்லிவிட்டு அவள் கையுறையைக் கழற்றி, அவன் முதுகில் கை வைக்கிறாள். சட்டைக்கு மேலாகவே எலும்புகள் தட்டுப்படுகின்றன. குளிர்பெட்டி இரைந்துகொண்டிருக்கிறது. அவன் நிமிரவில்லை. "நல்லா வேணும் இதுங்களுக்கு," என்கிறான். பிறகு, கண்ணை எடுக்காமலே, "இன்னொரு தட்டு இருந்தா வை, பாக்குறேன்."