கொத்தமல்லி இல்லாத ரொட்டி

‘மார்ச் 11. நேற்று தவறு என்னுடையது. கொத்தமல்லி வேண்டாம் என்று சொல்ல மறந்துவிட்டேன். அவர் ஏற்கவில்லை.’

எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்தாள் லுவா. மாலைத் தையல் வகுப்பில் அளவு குறிக்க வாங்கிய நோட்டு அது. இப்போது பாதிப் பக்கங்களில் சைகோனின் பான் மீ ரொட்டிக் கடைகள்தான்.

சந்தை வாசல் கடையில் ரொட்டி மொறுமொறுப்பு, ஆனால் ஈரல் விழுது உப்புக் கரித்தது. ஆஸ்பத்திரிக்கு எதிரில் நிற்கும் வண்டியில் பன்றிக்கறி தாராளம், முள்ளங்கி ஊறவே இல்லை. பாலத்தடிக் கடையில் எல்லாம் சரி, ரொட்டிதான் முதல் நாளுடையது. ஐந்து கடை ஏறி இறங்கியாயிற்று. ஒன்றுகூட கியெத்துக்குப் பிடிக்கவில்லை.

“நேத்தும் ஒத்துக்கலையா அண்ணி?” என்றபடி வந்தான் கியெத்தின் தம்பி லாம். “எங்கண்ணனுக்குத்தான் நாக்குல கணக்குப்பிள்ளை உக்காந்திருப்பானே!”

“கடை பேரையாவது சொன்னாரா உங்கண்ணன்? கேட்டா, ‘பேரைச் சொன்னா நீயே போய் வாங்கித் தின்னுடுவ, அப்புறம் நான் எதுக்கு’ம்பாரு.”

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு பாதியிலேயே நின்றது.

பூசை மாடத்துப் படத்துக்கு லாம் ஊதுபத்தி ஏற்றினான். கியெத் வேலை பார்த்த மணல் படகு கவிழ்ந்து நாளையோடு மூன்று வருடம். கூட இருந்த இருவரின் உடல்கள் கரை ஒதுங்கின. கியெத்தின் உடல் மட்டும் கிடைக்கவில்லை. படகு கவிழ்ந்த நாளையே திதியாக வைத்துக்கொண்டார்கள்.

படையல் வைத்து, ஊதுபத்தி எரிந்து முடிந்ததும், இரண்டு காசுகளைத் தட்டில் போட்டுக் கேட்க வேண்டும். ஒன்று பூ, ஒன்று தலை விழுந்தால் போனவர் சாப்பிட்டுவிட்டார் என்று பொருள். கியெத்துக்கு மட்டும் எப்போது போட்டாலும் இரண்டும் ஒரே பக்கம். போன இரண்டு திதிகளிலும் அப்படியே.

“மூணு வருஷமாப் பட்டினி கிடக்காரு லாம். என் கையிலதான் ஏதோ குறை.”

“காசு விழறதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? சரி, இன்னிக்கு எந்தக் கடை?”

“அக்கரைக்குப் போய்ப் பாக்கறேன். அப்பல்லாம் வீட்டுக்கு ஆறிப்போன ரொட்டியாத்தானே கொண்டுவருவாரு. தூரத்துக் கடையாத்தான் இருக்கணும்.”

காட் லாய் துறையில் படகேறி அக்கரை சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. கரையை ஒட்டி ஒரே ஒரு தள்ளுவண்டி. ஐம்பது வயதுக் கடைக்காரி கரியடுப்பில் ரொட்டிகளைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

“ஒண்ணு குடுங்க அக்கா. உள்ள இருக்கிற பஞ்சைச் சுரண்டி எடுத்துடுங்க. ஈரல் விழுது ரெண்டு பக்கமும். அப்புறம் கொத்தமல்லி...”

“வேணாம். அதானே?” கடைக்காரியின் கத்தி நிற்கவில்லை. “பஞ்சையும் எடுத்துட்டு வெறும் ஓட்டைத் திங்கறதுக்கு இங்க ரெண்டு பேரு இருக்கீங்கம்மா.”

லுவா ரொட்டிக்குக் கை நீட்டினாள். வாங்கிய கையோடு ஓரத்தைக் கடித்தாள். அதே புளிப்பு, அதே மிளகு, கடைசியில் நாக்கில் தங்கும் அதே மெல்லிய இனிப்பு. கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது.

“ஐயோ, காரமா?”

இல்லையென்று தலையாட்டி, போனில் இருந்த படத்தை நீட்டினாள். “அந்த இன்னொருத்தர்... இவரா அக்கா?”

கடைக்காரி கையைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். “இவரேதான்! நீ தங்கச்சியா? மூக்கு அப்படியே உரிச்சு வச்சிருக்கே!”

லுவாவுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. நாளைக்குக் காசுகள் சம்மதித்துவிடும். இனி அவருக்குப் பசி இல்லை.

“நாளைக்குக் காலையில அவருக்கு இதே மாதிரி ஒண்ணு வேணும் அக்கா. எத்தனை மணிக்கு வரட்டும்?”

“அவருக்கு நீ எதுக்கும்மா வாங்கணும்? ஆறரைக்கு வா, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துல விட்டுட்டு அவரே இங்க வருவாரு.”