கல்யாண ஜாக்கெட்

மயிலாப்பூரில் தையல்கடை வைத்திருக்கும் தேவானை, வாடிக்கையாளர் விவரங்களைச் சேர்த்து வைக்க ஒரு மென்பொருளை வாங்கலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். விற்க வந்த நிரஞ்சன் அவள் போனிலிருந்த எண்களை அதில் ஏற்றினான்.

"இறந்தவங்க நம்பர் இருந்தா எடுத்துடலாம் மேடம்."

"என் தங்கச்சி கயலுதான். அது பாட்டுக்கு இருந்துட்டுப் போட்டும் தம்பி."

கயல் போன மாதம் இறந்தாள். அவளுக்குத் தைத்த கல்யாண ஜாக்கெட் இன்னும் சுவரில் தொங்கியது.

சோதனைக்காக நிரஞ்சன் எல்லோருக்கும் 'உங்கள் ஜாக்கெட் தயார்' என்று செய்தி அனுப்பினான். முதல் பதில் கயலின் எண்ணிலிருந்து வந்தது.

"போட்டுப் பாத்தேன்க்கா. கை ரொம்ப டைட்டா கீது. பிரிச்சுத் தை."

"அந்த நம்பரை வேற யாருக்காச்சும் குடுத்திருப்பாங்க மேடம்."

தேவானை ஜாக்கெட்டை எடுத்துப் பார்த்தாள். கை மூட்டில் தையல் விட்டிருந்தது. அக்குளில் வேர்வை ஈரம். துணியில் உடம்புச் சூடு இன்னும் ஆறவில்லை.