சாரங்கன் சாருக்காக ஓடுகிறவள்

மணிக்கட்டில் பட்டையைக் கட்டிக்கொண்டு ஓடினால் உடம்பிலும் மனசிலும் எழுகிற எதுவும் ரெஜினாவுக்கு மிஞ்சாது. மூச்சிரைப்பு, வியர்வையின் சுகம், ஓடி முடித்த சந்தோஷம் எல்லாம் அந்தப் பட்டை வழியாக மயிலாப்பூரில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் சாரங்கன் சாருக்குப் போய்விடும். அவருக்காக ஓடுவதுதான் அவள் வேலை.

அன்று லீவு சொல்லியிருந்தாள். கடலுக்குப் போன தம்பியை உடலாகக் கொண்டுவந்து வீட்டில் கிடத்தியிருந்தார்கள். அத்தைகள் சுற்றி உட்கார்ந்து கதறினார்கள். ரெஜினா பட்டையைத் தேடி எடுத்துக் கட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போய் ஓடத் தொடங்கினாள். கொஞ்ச தூரத்தில் மணல் வெறும் மணலானது. கடலும் வெறும் கடல்தான்.

காதில் மாட்டியிருந்த கருவியில் சாரங்கனின் குரல் கேட்டது.

"லீவுன்னு சொன்னியேம்மா?"

"சும்மாதான் சார்."

பிறகு அவர் விம்முவது கேட்டது. "நெஞ்சை அடைக்கறதும்மா. அழுகை அழுகையா வரது, எதுக்குன்னே தெரியல. என்ன ஆச்சு உனக்கு?"

"தம்பி செத்துட்டான் சார்."

"ஐயோ! அதைக் கழட்டிட்டு ஆத்துக்குப் போம்மா. என்னால தாங்க முடியல."

மாதா கோயில் மணி அடித்தது. உடலை எடுக்கப் போகிறார்கள்.

"இன்னும் ஒரே ஒரு ரவுண்டு சார்."